மழை வரும் என்கிறார்கள்: ஓபரம்மர்காவ் போவது வீண்தானா?

கார்முகில் | 6 மே 2025, மாலை 7.12

மே மாதக் கடைசியில் மியூனிக்கில் ஒரு வாரம் தங்கவிருக்கிறோம். நானும் மனைவியும், எட்டு வயது மகளும் நான்கு வயது மகனும், எழுபதைத் தாண்டிய என் அம்மாவும் வருகிறோம். ஆல்ப்ஸ் அடிவாரக் கிராமம் ஒன்றை ஒரு பகல் முழுக்க நிதானமாகச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று ஓபரம்மர்காவைத் தேர்ந்தெடுத்தோம். முன்பு அங்கே போய் வந்த நண்பர் ஒருவர், "அது சுவரோவியங்களுக்காகப் போகிற ஊர், வெயில் அடிக்காவிட்டால் அரை மணி நேரத்தில் திரும்பிவிடுவீர்கள், மழை என்றால் போகவே வேண்டாம்" என்று அடித்துச் சொல்கிறார். அந்தப் பருவத்தில் மழையில்லாத நாள் இதுதான் என்று கை காட்ட ஆளில்லை. போவதா, விடுவதா?

ஈசார்க்கரை | 6 மே 2025, இரவு 10.05

போங்கள். உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி, அதாவது அது சுவரோவிய ஊர் என்ற பாதி. அந்த ஓவியங்களை மேகமூட்டத்தில் பார்ப்பதே நல்லது என்பது என் கட்சி.

ஊரின் பழைய ஓவியங்களில் பேர்போனவை ஃபிரான்ஸ் செராஃப் ஸ்விங்க் (1748–1792) என்ற உள்ளூர்க்காரர் தீட்டியவை. பிலாத்து வீடு என்று இன்று அழைக்கப்படும் வீட்டில் 1784இல் அவர் வேலை செய்தார். தோட்டத்தைப் பார்த்த சுவரில் தூண்களும் படிக்கட்டும் மேல்மாடமுமாக ஓர் அரண்மனை முகப்பையே எழுப்பி, ரோமானிய ஆளுநர் பிலாத்து இயேசுவுக்குத் தீர்ப்பளிக்கும் காட்சியை அதற்குள் வைத்திருக்கிறார். அங்கே தூணும் கிடையாது, படியும் கிடையாது. வெறும் தட்டைச் சுவர். தூணின் ஒரு பக்கம் ஒளியையும் மறுபக்கம் நிழலையும் தீட்டியே அதை உருண்டையாக நம்மை நம்ப வைக்கிறார்.

வெயில் நேராக அடிக்கும்போது கூரையின் நிழலும் மரத்தின் நிழலும் தம் போக்கில் அந்தச் சுவரில் விழும். சூரியன் நகர்ந்துகொண்டே இருக்கும், தீட்டிய நிழலோ 1784இல் நின்ற இடத்திலேயே நிற்கும். இரண்டும் முரண்பட்டவுடன் கண் விழித்துக்கொண்டு, இது சுவர்தான் என்று சொல்லிவிடுகிறது. மேகம் மூடினால் உண்மை நிழல்கள் எல்லாம் அடங்கி, ஓவியர் தீட்டிய நிழல் மட்டும் எஞ்சும். அப்போது தூண் சுவரை விட்டு ஒரு முழம் முன்னே வந்து நிற்கும். என் மகள் அதைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினாள், வேலி தடுத்தது.

ஈசார்க்கரை | 7 மே 2025, காலை 6.50

நாங்கள் போன நாளைச் சொன்னால் உங்களுக்குத் திட்டமிட உதவும். எங்கள் கூட்டமும் ஏறக்குறைய உங்களுடையது போலத்தான்: நானும் கணவரும், பள்ளிக்குப் போகும் மகளும் மழலையர் பள்ளிக்குப் போகும் மகனும், முழங்கால் வலியோடு மாமியாரும். சென்ற ஆண்டு மே மாத இறுதிச் சனிக்கிழமைகளில் ஒன்று.

மியூனிக்கிலிருந்து முர்னாவ் போய், அங்கே சிறிய ரயிலுக்கு மாற வேண்டும். மொத்தம் ஒன்றே முக்கால் மணி நேரப் பயணம். முர்னாவில் மேகம் ரயிலின் ஜன்னல் உயரத்துக்கு இறங்கியிருந்தது. அதைத் தாண்டியதும் வரும் முர்னாவ் சதுப்புநிலம் மத்திய ஐரோப்பாவின் பெரிய சதுப்புநிலங்களில் ஒன்று என்று கணவர் விளக்கிக்கொண்டிருக்க, வெளியே பால் நிறத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஆனால் அந்தப் பாதைக்கு ஒரு பெருமை உண்டு. தாழ்ந்த அதிர்வெண் கொண்ட ஒற்றைக்கட்ட (single-phase) மாறுமின்சாரத்தில் ரயில் ஓட்டலாம் என்பதை ஜெர்மனியில் முதன்முதலாக 1905இல் நடைமுறையில் காட்டியது இந்தக் குட்டிப் பாதைதான். இன்று ஜெர்மன் ரயில்கள் ஓடும் மின்முறைக்கு வேர் இங்கே இருக்கிறது. மின்சாரம் அம்மர் ஆற்றின் தண்ணீரிலிருந்து வந்தது, அதாவது இந்த மழையிலிருந்து. மாமியார் இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் பெய்யட்டும்" என்றார்.

இறங்கும்போது நல்ல மழை. நிலையத்திலிருந்து ஊர் நடுவுக்குப் பத்து நிமிட நடை, பாதை சமதளம். உங்கள் அம்மாவுக்குச் சிரமம் இராது. பத்து மணிக்குத் திறக்கும் அருங்காட்சியகத்துக்குள் நேரே நுழைந்துவிட்டோம். (திங்கட்கிழமை மூடியிருக்கும், நாளைத் தேர்ந்தெடுக்கும்போது கவனியுங்கள்.) பிள்ளைகளுக்குப் பிடித்தது கிறிஸ்து பிறப்புக் குடில் பொம்மைகள், எனக்குப் பிடித்தது கண்ணாடியின் பின்பக்கத்தில் தீட்டிய ஓவியங்கள். அந்தச் சேகரிப்பு முன்பு முர்னாவில் இருந்தபோது, அங்கே வாழ்ந்த ஓவியர்கள் காண்டின்ஸ்கியும் காப்ரியேலே முன்டரும் அதைப் பார்த்துத் தாங்களும் கண்ணாடியில் தீட்டக் கற்றுக்கொண்டார்கள். அந்த வகை ஓவியத்தில் கடைசியாக வைக்க வேண்டிய புள்ளியை முதலில் வைக்க வேண்டும்: கண்ணின் ஒளிப்பொட்டு முதலில், முகம் பிறகு, பின்னணி கடைசியில்.

பதினொன்றரைக்கு மழை தூறலானது. தேவாலயத்துக்குப் போனோம். மதியம் பளீரென்று வெயில். மூன்று மணிக்குச் சோளப்பொரி அளவில் வெள்ளை மணிகளாகப் பனித்தூவல். நாலரைக்கு மறுபடியும் வெயில். எல்லாம் ஒரே பகலில்.

ஈசார்க்கரை | 7 மே 2025, மதியம் 1.20

ஒருவர் தனிமடலில், "அக்கா, சுவரின் வண்ணம் இத்தனை மழையில் கரையாதா?" என்று கேட்டிருக்கிறார். பலருக்கும் எழக்கூடிய கேள்வி என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

பழைய ஓவியங்கள் ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டப்பட்டவை. வண்ணத்தூளைத் தண்ணீரில் குழைத்துப் பூச்சு காய்வதற்குள் வைக்கிறார்கள். காயும் சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு சுண்ணக்கல்லாக மாறும்போது, வண்ணம் அந்தக் கல்லுக்குள் சிக்கிக்கொள்கிறது. அதனால் அது பூச்சின் மேல் ஒட்டியிருக்கும் படலம் அல்ல, பூச்சின் ஒரு பகுதி. சாதாரண மழை அதைக் கழுவிக்கொண்டு போகாது.

இதற்கு ஓவியர் கொடுக்கும் விலை நேரம். அன்றைக்குத் தீட்டக்கூடிய அளவுக்கு மட்டுமே அன்று காலை பூசுவார்கள். மீந்தால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். உறைபனியிலும் செய்ய முடியாது, சுள்ளென்ற வெயிலிலும் பூச்சு முந்திக் காய்ந்துவிடும். ஆக, நாம் நொந்துகொள்ளும் குளிர்ந்த ஈரமான நாள் ஓவியருக்கு நல்ல வேலைநாள்.

ஆனாலும் மழை அடியோடு தீங்கில்லாதது அல்ல. உறிஞ்சிய தண்ணீர் குளிர்காலத்தில் உறைந்து விரியும்போது பூச்சு உரிகிறது. தரையிலிருந்து ஏறும் ஈரம் உப்பைக் கொண்டுவருகிறது. அதற்குத்தான் அந்த ஊர்க் கூரைகள் சுவரைத் தாண்டி அவ்வளவு தூரம் நீண்டிருக்கின்றன. மழை நின்ற உடனே ஒரு வீட்டின் எதிரே நின்று பாருங்கள். கூரை விளிம்புக்குக் கீழே மேல்மாடிச் சுவர் உலர்ந்து வெளிறியும், இடுப்பளவுக்குக் கீழே சுவர் நனைந்து கறுத்தும் இருக்கும். நடுவே கோணலாக ஓர் எல்லைக்கோடு ஓடும். முக்கியமான உருவங்கள் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருக்கின்றன. காற்று மழையைக் கொண்டுவந்து அறையும் மேற்குப் பக்கத்தில் பல வீடுகளில் ஓவியமே இல்லை, மரப்பலகையோ மரச்செதிளோ அடித்திருக்கிறார்கள். வெயில் நாளில் இந்தப் பாடம் கண்ணில் படாது.

பிற்கால ஓவியங்கள் சிலவற்றுக்கு வேறு வழி கிடைத்தது. 1878இல் அடால்ஃப் வில்ஹெல்ம் கைம் காப்புரிமை பெற்ற சிலிக்கேட் வண்ணம், இந்தக் குளிருக்கும் மழைக்கும் சுண்ணாம்பைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது.

தெற்குவாசல் | 7 மே 2025, இரவு 8.31

அந்த ஊர் மக்கள் வாழ்கிற ஊரா, பயணிகளுக்காக வைத்திருக்கும் பொம்மைக்கடையா? கடைத்தெருவில் மரச்சிலை, குயில் கடிகாரம், மீண்டும் மரச்சிலை. குயில் கடிகாரம் அந்த வட்டாரத்துப் பொருளே அல்ல.

ஈசார்க்கரை | 7 மே 2025, இரவு 11.48

குயில் கடிகாரம் தென்மேற்கு ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியிலிருந்து வருவது, உண்மைதான். அதை விட்டுவிடுங்கள். மரச்சிலை விஷயத்தில் ஊர்க்காரர்களைக் குறை சொல்ல முடியாது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இங்கிருந்து வணிகர்கள் முதுகில் சுமக்கும் மரச்சட்டங்களில் சிலைகளைக் கட்டிக்கொண்டு ஐரோப்பா முழுக்க விற்றார்கள். மண் வளம் குறைவு, குளிர்காலம் நீளம். வீட்டுக்குள் உட்கார்ந்து செய்யக்கூடிய தொழிலாக மரச்செதுக்கு வாய்த்தது. அதுவும் வானிலை தந்த தொழில்தான். இன்றும் அங்கே செதுக்குச் சிற்பம் கற்பிக்கும் பள்ளி இருக்கிறது.

பனித்தூவல் தொடங்கியபோது நாங்கள் பிலாத்து வீட்டுக்குள் ஒதுங்கினோம். அங்கே பருவ காலத்தில், பிற்பகலில், கைவினைஞர்கள் நம் கண்முன் வேலை செய்கிறார்கள். ஒருவர் லிண்டன் மரத்தில் கட்டைவிரல் அளவே இருந்த இடையனின் முகத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தார். உளியைத் தட்டவில்லை, இடது கையின் பெருவிரலை மரத்தில் ஊன்றி, வலது உள்ளங்கையால் உளியின் பிடியை மெல்லத் தள்ளினார். சுருண்டு விழுந்த சீவலை மகன் எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தான். ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக இருந்தது. கண்ணுக்கு இரண்டே கீறல்: மேலே ஒன்று, கீழே ஒன்று. அதுவரை கட்டையாக இருந்தது நம்மைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. மாமியார் முழங்காலை மறந்து நின்றுகொண்டே இருந்தார். வெயில் அடித்திருந்தால் இந்த அறையைக் கடந்து போயிருப்போம்.

ஈசார்க்கரை | 9 மே 2025, இரவு 9.15

தேவாலயத்தைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டேன், அது போதாது. புனித பேதுரு, பவுல் ஆலயத்தைக் கட்டியவர் யோசஃப் ஷ்முட்சர், கூரை ஓவியங்கள் மத்தேயஸ் குந்தருடையவை. உள்ளே வெண்மையும் பொன்னும் இளஞ்சிவப்புமாக இருக்கும். தூறலில் நடந்து வந்து ஈர மேலங்கியோடு உட்கார்ந்திருந்தபோது, வெளியே மேகம் விலகி, ஜன்னல் வழியே வெளிச்சம் ஏறியது. சாந்து வேலைப்பாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றிக்கொண்டன. அந்தக் கட்டடக்காரர்கள் மாறும் வெளிச்சத்தைக் கணக்கில் வைத்தே கட்டினார்கள் என்று எனக்குத் தோன்றியது. நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை.

அந்த ஆலய வளாகத்தில்தான் ஊரின் பெரிய கதை தொடங்குகிறது. 1633இல் கொள்ளைநோய் ஊரைச் சூறையாடியபோது, பத்தாண்டுக்கு ஒரு முறை இயேசுவின் பாடுகளை (சிலுவைத் துன்பங்களை) நாடகமாக நடிப்போம் என்று ஊரார் நேர்ந்துகொண்டார்கள். அதன்பின் அந்நோயால் ஒருவரும் சாகவில்லை என்பது ஊர் மரபு. 1634இல் முதல் நாடகம், நோயில் இறந்தவர்களின் கல்லறைகளுக்கு மேலே போட்ட மேடையில் நடந்தது. எங்கள் பக்கத்தில் பாரதக் கூத்துக்கு வேடம் கட்டுகிறவர் காப்புக் கட்டி விரதம் இருப்பதைப் போலத்தான் இதுவும் என்று மாமியார் உடனே புரிந்துகொண்டார். எனக்கு விளக்கும் வேலை மிச்சம்.

நேர்த்திக்கடன் என்பதால் விதிகளும் கடுமை. அந்த ஊரில் பிறந்தவர், அல்லது அங்கே 20 ஆண்டுகள் வாழ்ந்தவர்தான் நடிக்கலாம். மணமான பெண்களுக்கும் 35 வயதைத் தாண்டிய பெண்களுக்கும் 1990 வரை இடமில்லை. நீதிமன்றம் போய்த்தான் அந்த உரிமையைப் பெற்றார்கள். நாடகத்துக்கு முந்தைய ஆண்டின் சாம்பல் புதனிலிருந்து (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் நாள்) நடிகர்கள் முடியும் தாடியும் வெட்டக்கூடாது. ரோமானிய வீரர்களாக நடிப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. முடிதிருத்துகிறவருக்கும் பிழைப்பு வேண்டாமா!

ஈசார்க்கரை | 10 மே 2025, காலை 8.02

"நாடகம் இல்லாத ஆண்டில் அரங்கைப் பார்த்து என்ன பயன்?" என்று கார்முகில் கேட்கிறார். 2020இல் நடக்க வேண்டியது பெருந்தொற்றால் 2022க்குத் தள்ளிப்போனது, அடுத்தது 2030இல். கொள்ளைநோய் நீங்க நேர்ந்துகொண்ட நாடகத்தை ஒரு தொற்றுநோயே தள்ளிவைத்ததை ஊர்க்காரர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று வழிகாட்டியிடம் கேட்டேன். முன்பும் 1920இல் நடக்க வேண்டியது 1922க்குப் போயிருக்கிறது என்று அமைதியாகச் சொன்னார்.

நாடகம் இல்லாத ஆண்டுகளில் வழிகாட்டியோடு உள்ளே போகலாம், போங்கள். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகளுக்கு மேல் பெரிய வளைவுக் கூரை இருக்கிறது. எதிரே மேடை திறந்தவெளி மேடையாக அமைந்தது, அதன் பின்னணியில் வானமும் மலையும். முன்பெல்லாம் கூரை பார்வையாளருக்கு, மழை நடிகருக்கு; இப்போது மேடையை மூட நகரும் கூரை உண்டு. ஊரின் மக்கள்தொகை 5000க்குச் சற்றே கூடுதல். அதில் ஏறத்தாழ 2000 பேர் நாடகத்தில் பங்கெடுக்கிறார்கள். ஐந்து மணி நேர நாடகத்தில் இடி இடித்தாலும் வசனம் தொடர வேண்டும். நாங்கள் இருக்கையில் உட்கார்ந்திருந்தபோது மேடையின் மேல் மழை கோடு கோடாக இறங்கியது. சிலுவைக் காட்சிக்கு அப்படி ஒரு நாள் வாய்த்தால் என்று மனம் தானாகவே போனது.

ஈசார்க்கரை | 10 மே 2025, இரவு 10.37

முதல் குறிப்பில் எழுதியதை இப்போது சற்றுச் சுருக்கிக்கொள்கிறேன். மேகமூட்டம் உதவுவது கட்டடத்தை நடித்துக் காட்டும் பழைய ஓவியங்களுக்கு மட்டும். எட்டால் சாலையில் இருக்கும் ஹான்சல்–கிரேட்டல் வீடும் சிவப்புத் தொப்பிச் சிறுமி வீடும் இருபதாம் நூற்றாண்டில் தீட்டப்பட்ட கதைச் சுவர்கள். அவற்றில் தூணும் இல்லை, ஏமாற்றும் இல்லை. சித்திரக்கதைப் புத்தகம் போன்ற தட்டையான வண்ணம். அவற்றுக்கு வெயில்தான் வேண்டும். எங்களுக்கு மதிய வெயில் அங்கே கிடைத்தது. ஓநாய் எங்கே என்று மகன் தேடிக்கொண்டிருக்க, எதிர்வீட்டு மரக்கூரையிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

ஆக உங்கள் வரிசை இப்படி இருக்கலாம்: மழை என்றால் அருங்காட்சியகம், ஆலயம், அரங்கு, மூட்டம் என்றால் பிலாத்து வீடு, வெயில் வந்தால் எதைப் பாதியில் விட்டாவது எட்டால் சாலை.

ஈசார்க்கரை | 13 மே 2025, மாலை 6.44

வானிலை ஏன் அப்படித் துள்ளுகிறது என்று தெற்குவாசல் கேட்டதற்குப் பதில். ஊர் 837 மீட்டர் உயரத்தில், ஆல்ப்ஸ் மலைச்சுவரின் வடக்கு விளிம்பில் இருக்கிறது. வடமேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் முட்டி மேலே ஏறி, அங்கேயே தங்கிப் பொழியும். மியூனிக்கில் வானம் வெளுத்த பிறகும் இங்கே ஓயாது. தெற்கிலிருந்து மலையைத் தாண்டி இறங்கும் ஃபோன் காற்று நேர்மாறு: நூறு மீட்டர் இறங்க ஒரு டிகிரி வீதம் சூடேறி, மேகத்தைக் கரைத்து, தொலைவிலுள்ள மலையைக் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்துவிடும். இந்தப் பவேரியா மாநிலத்தவர் தலைவலிக்கும் எரிச்சலுக்கும் இந்தக் காற்றின்மேல் பழி போடுவார்கள். அது ஓயும்போது மேற்கிலிருந்து குளிர்முகம் (குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு) உள்ளே பாய்கிறது. கோடையில் இவற்றோடு பிற்பகல் இடிமழையும் சேரும்.

எங்கள் அளவுகோல் எளிது. ஊருக்கு மேலே கோஃபல் என்ற கூம்புப் பாறை நிற்கிறது, உயரம் 1342 மீட்டர், உச்சியில் சிலுவை. அந்தச் சிலுவை மறைந்தால் குடையைத் திறக்க வேண்டும். கைப்பேசிச் செயலி "மழை 40 விழுக்காடு" என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் மகள் இதைக் கண்டுபிடித்து, அன்று முழுவதும் எங்களுக்கு வானிலை அதிகாரியாக இருந்தாள்.

ஈர நாளில் கோஃபல் ஏற நினைக்காதீர்கள். கடைசிப் பகுதியில் கம்பிவடத்தைப் பிடித்து ஏற வேண்டும், நனைந்த சுண்ணக்கல் வழுக்கும். பிள்ளைகளோடும் அம்மாவோடும் என்றால் உலர்ந்த நாளிலும் வேண்டாம்.

இன்னொன்று: நீங்கள் வருவதற்குள் பனிப் புனிதர்களின் நாள்கள் கடந்திருக்கும். மே 11 முதல் 15 வரை கடைசி உறைபனி வரலாம் என்பது இங்கே பழைய நம்பிக்கை. அதன் பின்பே பலர் மாடத்தில் ஜெரேனியம் வைக்கிறார்கள். ஆகவே ஓவியங்களுக்கு நடுவே உண்மைப் பூக்களும் இருக்கும், ஆனால் சின்னதாக.

கார்முகில் | 14 மே 2025, காலை 9.20

அதே நாளில் எட்டால் மடத்தையும் லிண்டர்ஹோஃப் அரண்மனையையும் சேர்த்துவிடலாமா? இரண்டும் பக்கத்தில்தானே. சாப்பாட்டுக்கு என்ன செய்வது? அம்மா சைவம்.

ஈசார்க்கரை | 14 மே 2025, இரவு 9.58

சேர்க்கலாம், பிறகு எதையும் பார்த்த மாதிரி இருக்காது. 1330இல் பவேரியரான லுட்விக் பேரரசர் நிறுவிய எட்டால் மடம் பேருந்தில் சில நிமிடங்கள்தான், ஆனால் மழையில் பேருந்துக்குக் காத்திருப்பதும் ஒரு வேலை. லிண்டர்ஹோஃபுக்குத் தனி நாள் ஒதுக்குங்கள். அங்குள்ள வீனஸ் குகை நெடுங்காலச் சீரமைப்புக்குப் பிறகு இந்த ஏப்ரலில்தான் மறுபடி திறந்திருக்கிறது. கிராமத்துக்குப் போகிற நாள் கிராமத்துக்கே இருக்கட்டும்.

சாப்பாட்டில் இரண்டு கவனம். பல உணவகங்களில் இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை அடுப்பு அணைந்திருக்கும், கேக்கும் காப்பியும் மட்டும் கிடைக்கும். ஆகவே ஒன்றரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள். ரொக்கமும் வைத்திருங்கள். அம்மாவுக்குக் கேஸ்ஷ்பாட்ஸன் சொல்லுங்கள்: முட்டை சேர்த்துப் பிசைந்த மாவுத் துண்டுகளில் பாலாடைக்கட்டியை உருக்கி, மேலே பொன்னிற வெங்காயம் தூவியிருப்பார்கள். முட்டையும் ஆகாது என்றால் உருளைக்கிழங்கு சூப்தான், ஆனால் அதில் பன்றி இறைச்சித் துணுக்கு போடுவார்கள், வேண்டாமென்று முன்பே சொல்ல வேண்டும். மாமியார் ஒரு கரண்டி சூப்பை வாயில் வைத்துவிட்டு மிளகு கேட்டார். பரிமாறிய பெண் கொண்டுவந்த மிளகுத்தூள் டப்பியை மேசையிலேயே நிறுத்திக்கொண்டார்.

பிள்ளைகளுக்குக் கைசர்ஷ்மாரன். பிய்த்துப் போட்ட இனிப்புத் தோசையும் பழக்கூழும் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். மழை நாளில் அதைத் தின்ன அரை மணி நேரம் ஆகும், அது நமக்கு நல்லது.

ஈசார்க்கரை | 15 மே 2025, காலை 7.05

விட்டுப்போனவை. குடை ஒருவருக்கு ஒன்று என்று கணக்குப் போடாதீர்கள். நாலு வயதுப் பிள்ளைக்குக் குடை ஒரு ஆயுதம். இங்கே பிள்ளைகளுக்கென்று தோளில் மாட்டும் ரப்பர் காற்சட்டை விற்கிறார்கள், அதையும் ரப்பர் காலணியையும் மாட்டிவிட்டால் குட்டைகளும் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் சேர்ந்துவிடும். பெரியவர்களுக்குத் தலைமூடியுள்ள மழைச்சட்டை போதும், சுவரை நிமிர்ந்து பார்க்க இரண்டு கையும் வேண்டும். அம்மாவுக்கு மாற்றுக் காலுறை ஒரு ஜோடி கைப்பையில் இருக்கட்டும்.

கோல்பன்சாட்டல் சரிவில் உள்ள தண்டவாளச் சறுக்கு வண்டி மழையில் ஓடாது. அதைப் பற்றிப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே வாய் திறக்காதீர்கள். வெயில் வந்து, வண்டியும் ஓடினால் அன்றைக்கு நீங்கள்தான் கதாநாயகன். ஓடாவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது.